வளைகுடாப் பெட்டியில் ஓர் ஓட்டு

துபாய் கராமாவில் சாதிக் பாட்ஷா சூட்கேஸ் விற்றுக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு மேலாக அதே தெரு, அதே கடை. பவளமுனைக்காரர் எவராவது லீவில் ஊருக்குப் புறப்பட்டால் முதலில் டிக்கெட் எடுப்பார், அடுத்து சாதிக் கடையில் பெட்டி எடுப்பார். பெட்டி வாங்கியவர் சும்மா போய்விட முடியாது. உட்கார வைத்து, டீ வரவழைத்து, யார் வீட்டில் கல்யாணம், யார் யாரோடு பேசுவதில்லை, எந்த வீட்டுக்கு மாடி எழும்புகிறது என்று அத்தனையையும் கறந்த பிறகுதான் பெட்டிச் சாவியைக் கையில் கொடுப்பார். ஊரிலேயே கிடப்பவர்களைவிட ஊரைப் பற்றித் தனக்குத்தான் அதிகம் தெரியும் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் ஊரைப் பார்க்கிறவர்களுக்கு இப்படியொரு நம்பிக்கை வருவது சகஜம்.

அடுத்த வருஷம் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்புவதென்று முடிவு செய்திருந்தார். ஆனால் சும்மா திரும்புவதில் அவருக்கு விருப்பமில்லை. சும்மா திரும்பியவர்களின் கதி அவருக்குத் தெரியும். முதல் மாதம் வாசலில் செருப்பு நிறைந்து கிடக்கும். இரண்டாம் மாதம் 'எப்ப திரும்பப் பயணம்?' என்று கேட்பார்கள். பிறகு அந்தக் கேள்வியும் நின்றுபோய், காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போகிற ஒரு பெரிய மனுஷராக மிச்ச காலம் ஓடும். சாதிக் பாட்ஷாவுக்கு ஜமாஅத் தலைவர் பதவி வேண்டும். தலைவராகத்தான் ஊரில் கால் வைக்க வேண்டும். இந்த ஆசையை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. ஊர்ச்சேவை என்று பெயர் மட்டும் மாற்றி வைத்திருந்தார்.

சேவைக்குத் திட்டமும் தயார். பவளமுனைக்கு மேற்கே ஜமாஅத்துக்குச் சொந்தமான தென்னந்தோப்பு ஒன்று காய்ப்பு நின்று கிடந்தது. அங்கே ஏ.சி. போட்ட கல்யாண மஹால் கட்டவேண்டும் என்பது சாதிக்கின் திட்டம். வாசலில் நீரூற்று, மணமகன் இறங்குவதற்குத் தனி வழி, துபாய் ஹோட்டல்களில் பார்த்த எதையும் அவர் விடவில்லை. அப்போது தலைவராக இருந்த செய்கு அலாவுதீன், ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர், அதே தோப்பில் பிரசவ ஆஸ்பத்திரி வரவேண்டும் என்றார். ஊரில் பிரசவம் பார்க்க வசதி கிடையாது. வலி எடுத்தால் வேன் பிடித்து, ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து, டவுனுக்குப் போகவேண்டும். மஹால், ஆஸ்பத்திரி இரண்டுக்கும் இடம் போதாது. தேர்தலில் எவர் ஜெயிக்கிறாரோ அவருடைய கட்டடம்தான் எழும்பும்.

வளைகுடாவில் இருந்த ஆண்கள் ஏறக்குறைய எல்லாரும் மஹால் பக்கம். இதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அவர்கள் லீவு எடுப்பதே கல்யாணத்துக்குத்தான். பந்தலுக்குள் மழை ஒழுகி பிரியாணிச் சட்டியில் விழுந்ததைக் கண்ணால் பார்த்து வயிறெரிந்திருக்கிறார்கள். பிரசவ வேனில் அவர்களில் ஒருவர்கூட ஏறியதில்லை. பிள்ளை பிறந்த செய்தி போனில் வரும், லட்டு வாங்கி ரூமில் கொடுப்பார்கள், அத்தோடு பிரசவம் முடிந்தது. சாதிக்கின் மகள் ஆமிரா அப்போது தலைப்பிள்ளைக்கு ஏழு மாதமாகித் தாய்வீடு வந்திருந்தாள். பேரன் பிறந்தால் அவனுடைய சுன்னத்து விருந்து மஹாலில்தான் என்று சாதிக் இங்கிருந்தே ஏற்பாடு செய்துவிட்டார்.

தடை ஒன்றே ஒன்றுதான். பவளமுனையில் வீட்டுக்கு ஓர் ஓட்டு, அதுவும் வீட்டுத் தலைவரான ஆணுக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று கையைத் தூக்கவேண்டும். பெண்களுக்கு ஓட்டு இல்லை. அவர்கள் கேட்டதாக ஆண்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை. கராமாவிலும் முவைலாவிலும் ருவைஸிலும் இருந்துகொண்டு கையைத் தூக்கினால் யார் எண்ணுவது? ஜமாஅத்துக்குச் சந்தா முக்கால்வாசி வளைகுடாவிலிருந்து போயிற்று. ஓட்டு மட்டும் போகவில்லை. போன தடவை செய்கு அலாவுதீன் ஜெயித்தது ஊரில் மிச்சமிருந்த பெருசுகளின் கைகளால்தான். அந்தக் கைகளில் பாதி, மூட்டுவலியால் சரியாகத் தூக்கக்கூட முடியாதவை என்று சாதிக் கடையில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அவருக்கு ஒரு வழி பிறந்தது. கடைக்குப் பக்கத்து டைப்பிங் சென்டரில் சோலையப்பன் என்று ஒருவர். தேவகோட்டைப் பக்கம். விசா விண்ணப்பம் அடிப்பது அவர் தொழில், வெப்சைட் செய்வது அவர் பொழுதுபோக்கு. சில நாடுகளில் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இன்டர்நெட்டிலேயே ஓட்டுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், சீட்டு தபாலில் வரும், குறியிட்டுத் திருப்பி அனுப்பினால் போதும் என்று அவர் ஒரு நாள் டீ குடித்தபடியே சொல்லிவிட்டார். சாதிக் டீயைக் கீழே வைத்தவர் அதை மறுபடி எடுக்கவே இல்லை.

ஒரு வாரத்தில் பவளமுனை ஜமாஅத்துக்கு வெப்சைட் வந்துவிட்டது. பள்ளிவாசல் படம், பச்சை எழுத்து, அதன் கீழே 'ஊரில் இல்லாதோர் ஓட்டுச்சீட்டு விண்ணப்பம்'. பெயர், வாப்பா பெயர், தெரு என்று கட்டங்களை வரிசையாக அமைத்துக்கொண்டு வந்த சோலையப்பன் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"பாய், சீட்டை எந்த அட்ரஸுக்கு அனுப்பணும்? இங்க இருக்கிற அட்ரஸா, ஊரு அட்ரஸா?"

கேட்கவேண்டிய கேள்விதான். துபாயில் கதவைத் தட்டிக் கடிதம் கொடுக்கும் தபால்காரர் கிடையாது. தபால் பெட்டி எண்தான். பெட்டி கம்பெனியுடையது, அதன் சாவி மேனேஜரிடம். கேம்பில் இருப்பவனுக்கு ஒரு கடிதம் வந்து சேர்வதற்குள் அவன் விசா முடிந்து ஊருக்கே போயிருப்பான். அதுவுமில்லாமல், எந்தக் காகிதத்தை நீட்டினாலும் நம் ஆட்கள் நிரந்தர விலாசம் என்று ஊர் வீட்டைத்தான் எழுதுவார்கள். கால் நூற்றாண்டு இங்கே குப்பை கொட்டியவரும் இதைத் தற்காலிகம் என்றே நினைப்பார்.

"ஊரு அட்ரஸ்தான்," என்றார் சாதிக். "வீட்டுக்கே போகட்டும். அவனவன் போன் போட்டு யாருக்குன்னு சொல்லிட்டா கலாஸ். வீட்டுல டிக் போட்டுப் பள்ளியாசல்ல சேத்துருவாங்க."

"அப்ப டிக் போடுறது வீட்டுல இருக்கிறவங்க."

"நம்ம வீட்டு ஆளுங்கதானே சோலை."

சோலையப்பனுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நமக்கு எதற்கு வம்பு என்று மறுபடி கீபோர்டைத் தட்ட ஆரம்பித்தார்.

சாதிக் இன்னும் இரண்டு நிபந்தனை போட்டார். சீட்டில் பெயரோ கையெழுத்தோ இருக்கக்கூடாது. ஊரில் பாதிப் பேருக்கு மணியார்டர் கொடுத்த கை செய்கு அலாவுதீனுடையது, அந்த மனுஷர் முகத்துக்காக நம் ஆட்கள் தயங்குவார்கள் என்பது அவர் பயம். இன்னொன்று, வளைகுடா ஓட்டுகளைத் தனிப் பெட்டியில் போட்டுத் தனியாக எண்ணி, தனியாக மைக்கில் அறிவிக்கவேண்டும். இதற்குக் காரணம் பயமில்லை, ஆசை. தனக்கு விழப்போகும் எண்ணிக்கையை ஊர் முழுக்கக் கலப்படமில்லாமல் கேட்கவேண்டும்.

செய்கு அலாவுதீன் இதற்கெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒரு பெரிய சண்டை இருக்கிறது என்று நினைத்து, வாதங்களை மனப்பாடம் செய்துகொண்டு சாதிக் ஊருக்குப் போன் போட்டார். பெரியவர் முழுவதையும் நிதானமாகக் கேட்டார்.

"சீட்டெல்லாம் ஊரு விலாசத்துக்குத்தானே வரும் தம்பி?"

"ஆமா மாமா. இங்கெ தபாலை நம்ப முடியாது."

"வீட்டு வீட்டுக்கு வரும்."

"வீட்டு வீட்டுக்கு."

"நல்ல ஏற்பாடு. கமிட்டியில நானே சொல்லி முடிச்சுர்றேன்."

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததில் சாதிக்குக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. கிழவருக்கு இன்டர்நெட் என்றால் என்னவென்று புரியவில்லை, பாவம் என்று முடிவு கட்டினார். நாற்பது வருஷம் தபால் ஆபீஸில் உட்கார்ந்தவருக்கு, கடிதம் எந்த வீட்டில் யார் கையில் போய் விழும், யார் பிரிப்பார்கள் என்பது தெரிந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பிரசாரம் அமர்க்களப்பட்டது. வெள்ளிக்கிழமை தோறும் சாதிக் சோலையப்பனையும் அவருடைய லேப்டாப்பையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். முவைலாவில் கிடங்கு வேலை பார்க்கும் பையன்களின் ரூமில் கட்டிலுக்குக் கட்டில் லேப்டாப் நகர்ந்தது. நாள் பூராவும் மூட்டை தூக்கிய விரல்கள் தப்புத் தப்பாகத் தட்ட, சோலையப்பன் பொறுமையாக அழித்து அழித்து எழுதினார். 'அனுப்பு' என்ற கட்டத்தை அழுத்தியதும் 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று வரும். அதைப் பார்த்து ஒவ்வொருவன் முகத்திலும் வந்த வெளிச்சத்தைச் சொல்லத்தான் வேண்டும். கம்பெனியிலும் விசா கொடுத்த கபீலிடமும் என்ன விண்ணப்பம் கொடுத்தாலும் பதில் வர மாதக்கணக்காகும் ஆட்கள் அவர்கள். கேட்ட மாத்திரத்தில் ஏற்கப்பட்டது அவர்களுக்கு அதுவே முதல் தடவை.

ருவைஸில் கௌஸ் முகைதீன் காத்திருந்தார். ரிஃபைனரியில் ஸ்டோர் கீப்பர், சாதிக்கின் பால்ய சிநேகிதர், மஹால் திட்டத்துக்கு வலது கை. அவர் ரூமில் சாப்பாடு முடிந்ததும் தன் பேரன் பிறந்த கதையை எடுத்துவிட்டார். போன மழைக்காலத்தில் அவருடைய மருமகளை டவுனுக்குக் கொண்டு போகும்போது ரயில்வே கேட் சாத்திவிட்டார்களாம். கூட்ஸ் வண்டி. கேட் திறப்பதற்குள் பிள்ளை வேனிலேயே பிறந்துவிட்டது.

"கேட்கீப்பரு வந்து எட்டிப் பாத்துட்டு, ஒரு டிக்கெட்டு எக்ஸ்ட்ராவான்னு கேட்டிருக்கான். இப்ப ரூம்ல எல்லாரும் எம் பேரனை கேட் பாஸுன்னுதான் சொல்றாங்க."

ரூமே சிரித்தது. சாதிக்கும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த வேனுக்குள் மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள் கௌஸின் மனைவி மதீனா பீவி. அவள் இந்தக் கதையை எப்படிச் சொல்வாள் என்று அந்த ரூமில் ஒருவரும் யோசிக்கவில்லை. அவளிடம் கேட்டவர் யாரும் அங்கே இல்லையே.

சீட்டுகள் ஊர் போய்ச் சேர்ந்த வாரம் சாதிக் வீட்டுக்குப் பேசினார். மனைவி ஜுலைஹா பீவிதான் எடுத்தாள். மாமன் மகள், அதனால் மச்சான் என்றுதான் கூப்பிடுவாள்.

"மச்சான், உங்க பேருக்கு ஒரு கவரு வந்திருக்கு. ரெண்டு பேரு அச்சடிச்ச சீட்டு உள்ளெ இருக்கு."

"பிரிச்சிட்டியா?"

"எந்தக் கவரை நான் பிரிக்காம இருந்தேன்? நீங்க வந்தா பிரிக்கிறீங்க?"

"சரி சரி. ரெண்டாவது பேரு என்னோடது. அதுக்கு நேரா டிக் போட்டு, ஒட்டி, பள்ளியாசலுக்குக் குடுத்தனுப்பிரு."

"ம்."

"ஆமிரா எப்படி இருக்கா?"

"கால் வீங்கியிருக்கு. நர்ஸம்மா வந்து ரத்தக் கொதிப்பு கூட இருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க. நாளு நெருங்கையில டவுன்லெயே ரூமெடுத்துத் தங்கிருங்கன்னாங்க. மதீனா லாத்தாவும் அதையேதான் சொல்றாங்க."

"அவங்க பயந்தவங்க. எல்லாம் நல்லபடியா நடக்கும். சீட்டை மறந்துராதே."

"மறக்கல மச்சான்," என்றாள் ஜுலைஹா.

தேர்தல் அன்று கராமா ரெஸ்டாரண்டின் மாடியில் நாற்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். ருவைஸிலிருந்து கௌஸ் முகைதீன் விடியற்காலையிலேயே புறப்பட்டு வந்திருந்தார். முவைலாப் பையன்கள் ஒரு வேன் நிறைய. வெற்றி வருவதற்கு முன்பே வெற்றி பிரியாணி வந்து மேஜையில் இருந்தது. ஊரில் சாதிக்கின் தம்பி முறையுள்ள ஒருவன் பள்ளிவாசல் முற்றத்தில் ஒலிபெருக்கிக்கு நேராகச் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, இங்கே சாதிக்கின் செல்போன் ஸ்பீக்கரில் மேஜை நடுவே கிடந்தது.

முதலில் முற்றத்தில் தூக்கிய ஊர்க் கைகளின் கணக்கு. செய்கு அலாவுதீன் நூற்று நான்கு, சாதிக் பாட்ஷா தொண்ணூற்றேழு. மாடியே ஆர்ப்பரித்தது. எதிரியின் கோட்டையிலேயே ஏழு ஓட்டுத்தான் வித்தியாசம். இனி நம்முடைய பெட்டி. யாரோ சாதிக்கின் தோளில் சால்வை போட்டுவிட்டார்கள். அவர் அதைச் சரிசெய்துகொண்டார். நன்றி சொல்ல வேண்டிய பேர்களை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

"வளைகுடாப் பெட்டி," என்றது போன். "மொத்தம் விழுந்தது நூற்று எண்பத்தெட்டு. செய்கு அலாவுதீன் நூற்று எண்பத்தேழு. சாதிக் பாட்ஷா ஒன்று."

தப்பாகக் கேட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். மைக்கில் படிக்கும் மோதினாருக்கு வயசாகிவிட்டது, இரண்டு பெயரையும் மாற்றிப் படித்துவிட்டார் என்றார் ஒருவர். பள்ளிவாசலில் மறுபடியும் படித்தார்கள். மாறவில்லை. செல்போனுக்குள்ளிருந்து யாரோ தூரத்தில் சிரிப்பது கேட்டது. பள்ளிவாசலை ஒட்டிய முடுக்கு, பெண்கள் மட்டும் நடமாடும் வழி. அந்தப் பக்கத்திலிருந்துதான் சத்தம் வருகிறது என்று சாதிக்குக்குத் தோன்றியது. போனை அணைத்தார்.

பிரியாணி ஆறிப்போவதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவர் புண்ணியம் கட்டிக்கொண்டார், எல்லாருக்கும் குனிந்துகொள்ள ஒரு தட்டு கிடைத்தது.

கௌஸ் முகைதீன்தான் முதலில் நிமிர்ந்தார். "இது செல்லாது. பொம்பளைங்க போட்ட ஓட்டு. கேன்சல் பண்ணச் சொல்லுவோம்."

ஜமாஅத் கமிட்டிக்குப் போன் போனது. செய்கு அலாவுதீன் அதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. தன் சீட்டில் தன் விருப்பத்துக்கு மாறாக டிக் விழுந்துவிட்டது என்று எவர் தம் பெயரைப் போட்டு எழுதிக் கொடுத்தாலும் அந்த ஓட்டைத் திருத்திவிடலாம், வெப்சைட்டிலேயே அதற்கும் ஒரு விண்ணப்பம் வைத்துவிடுங்கள், ஒரு வாரம் தவணை, வருகிற பெயர்களைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறோம் என்றார். சோலையப்பன் அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்தைச் செய்து முடித்தார்.

ஒரு விண்ணப்பமும் வரவில்லை. எப்படி வரும்? 'என் பேச்சை என் பெண்டாட்டி கேட்கவில்லை' என்று பெயர், வாப்பா பெயர், தெரு எல்லாம் எழுதி, அதைப் பள்ளிவாசல் பலகையில் ஊரே படிக்கட்டும் என்று 'அனுப்பு' கட்டத்தை அழுத்த யாருக்கு விரல் வரும்? தப்பு நடந்தது நிஜம், ஆனால் அடுத்த வீட்டில்தான் நடந்தது என்பதில் எல்லாரும் ஒருமித்த கருத்தோடு இருந்தார்கள்.

திங்கட்கிழமை முவைலாவிலிருந்து ஒருவர் பெட்டி பார்ப்பதாகக் கடைக்கு வந்தார். பெட்டி பார்க்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காக்கா, வெளியில சொல்ல வேணாம். அந்த ஒரு ஓட்டு நம்ம வீட்டுது."

சாதிக்குக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார், டீயோடு சமோசாவும் வந்தது. செவ்வாய்க்கிழமை இன்னொருவர் வந்து அதே ஓட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். புதன்கிழமை எட்டுப் பேர். வியாழக்கிழமை கௌஸ் முகைதீனே ருவைஸிலிருந்து போன் செய்தார்.

"சாதிக்கு, அந்த ஒண்ணு யாருதுன்னு ஊர்ல ஆளாளுக்குப் பேசறானுங்க. எம் பொண்டாட்டி மதீனா நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டா. உனக்குத் தெரியாததா?"

"தெரியும் கௌஸு," என்றார் சாதிக். அந்த ஓர் ஓட்டுக்கு அதுவரை பதினோரு சொந்தக்காரர்கள் ஆகியிருந்தார்கள்.

அதுவரை அவர் வீட்டுக்குப் போன் போடவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. அன்று மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஒரு பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டார். ஆமிரா எப்படி இருக்கிறாள், டவுனில் ரூம் பார்த்தாயிற்றா என்றெல்லாம் கேட்டு முடித்தார். பிறகும் போனை வைக்கவில்லை.

"என்ன மச்சான், கேக்க வந்ததைக் கேளுங்க," என்றாள் ஜுலைஹா.

"அந்த ஒரு ஓட்டு யாருது?"

"நம்ம வீட்டுது."

சாதிக் பெட்டியின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது போலிருந்தது. "நீயாச்சும் நான் சொன்னதைக் கேட்டியே ஜுலைஹா."

அந்தப் பக்கம் அவள் பெருமூச்சு விட்டது கேட்டது.

"பொய் சொல்ல மாட்டேன் மச்சான். சீட்டு வந்த வாரமே மதீனா லாத்தா வீட்டுல எல்லாரும் கூடினோம். ஒவ்வொருத்தியும் கவரைக் கையில எடுத்துட்டு வந்துட்டா. மருமவ வேன்ல கத்தின கத்தலை லாத்தா சொன்னாங்க. ஒருத்தியும் சிரிக்கல. எல்லா டிக்கும் ஆஸ்பத்திரிக்குன்னு ஒரே வார்த்தையில முடிஞ்சு போச்சு. நான்தான் எந்திரிச்சு, நீங்கள்லாம் போடுங்க, எங்க வீட்டு ஓட்டை மட்டும் அவருக்கு விட்டுருங்கன்னு கேட்டேன். ஒண்ணுமே விழாமப் போனா மனுஷன் முகம் செத்துப்போகும்னு சொன்னேன். சரி பாவம், ஒண்ணு விழட்டும்னு விட்டாங்க."

சாதிக் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு மஹாலா ஆஸ்பத்திரியா, எதுக்குப் போடணும்னு இருந்துச்சு?"

"இதென்ன கேள்வி? வயித்துப்புள்ளக்காரியை வீட்டுல வச்சுக்கிட்டு, ராவெல்லாம் கேட் சாத்தியிருக்குமா தொறந்திருக்குமான்னு கிடக்கிறேன். ஊர்ல அத்தனை பொம்பளையும் தன் மனசுக்குப் போட்டாளுக. நான் ஒருத்திதான் மச்சான் போடல."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். மீன் என்ன விலை என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிட்டாள். சாதிக் பாட்ஷாவுக்கு வெட்கமாக இருந்தது. தோற்றதில் வந்த வெட்கம் வேறு, அது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இது அந்த ஓட்டு கிடைத்ததில் வந்த வெட்கம். நூற்று எண்பத்தேழு பேர் எதிர்த்துப் போட்டதுகூட அவரை இப்படிச் சுடவில்லை. வேண்டாத மனசோடு ஒருத்தி தனக்காக விட்டுக்கொடுத்த அந்த ஒன்றுதான் சுட்டது. இருபத்தைந்து வருஷத்தில் அவள் இப்படி இன்னும் என்னென்ன விட்டுக்கொடுத்திருப்பாள் என்று எண்ணப் போனவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

பிறகு எழுந்து பக்கத்து டைப்பிங் சென்டருக்குப் போனார்.

"சோலை, அந்தத் திருத்த விண்ணப்பத்தை எடு."

"யாருக்கு பாய்?"

"எனக்குத்தான்."

சோலையப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தார். பெயர்: சாதிக் பாட்ஷா. வாப்பா பெயர், தெரு. 'என்ன தவறு நடந்தது' என்ற கட்டத்தில் சாதிக் சொல்லச் சொல்ல சோலையப்பன் அடித்தார். 'என் வீட்டு ஓட்டு தவறுதலாக சாதிக் பாட்ஷாவுக்கு விழுந்துவிட்டது. அதைச் செய்கு அலாவுதீன் அவர்களுக்கு மாற்றிக்கொள்ள வேண்டுகிறேன்.' அனுப்பு கட்டத்தைச் சாதிக் தன் விரலாலேயே அழுத்தினார். உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று வந்தது.

மறுநாள் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் மைக்கில் திருத்திய கணக்கைப் படித்தார்கள். வளைகுடாப் பெட்டியில் சாதிக் பாட்ஷாவுக்கு ஓட்டு ஒன்றுமில்லை. செய்தி கராமாவுக்கும் முவைலாவுக்கும் ருவைஸுக்கும் வரக் கொஞ்ச நேரம்தான் ஆனது. அந்த ஓர் ஓட்டைக் கொடுத்துவிட்டுப் போன பதினோரு பேரில் ஒருவர்கூட அதன் பிறகு கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. கௌஸ் முகைதீன் போனை எடுக்கவே இல்லை.

சாயங்காலம் செய்கு அலாவுதீன் கூப்பிட்டார். ரொம்ப நேரம் உடம்பு, வியாபாரம், வெயில் என்று சுற்றி வளைத்தவர், கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்கக் கூடாது. கமிட்டியில ஒரு சந்தேகம் வந்துச்சு. அந்தத் திருத்த விண்ணப்பம் நீங்களே அனுப்புனதா, இல்ல வீட்டுலருந்து யாராச்சும் உங்க பேருல அனுப்புனதா?"

"நானேதான் மாமா. என் கையாலதான்."

பெரியவர் பேனாவை எடுத்தார். தாளில் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப கணக்குல அப்படியே எழுதிர்றேன். வளைகுடாவுல இருந்து ஒரு ஆம்பளை கையால வந்த ஓட்டு இது ஒண்ணுதான்."